கரை கிளியர்

செவ்வாயும் வியாழனும் பின்னேரம் ஆறு மணிக்கு
துறைமுகக் கன்ரீனுக்குப் பின்னால் இங்கிலிஷ் வகுப்பு.
ஃபோர்மன் சோதனை எழுதப்போகிறவர்கள்,
கையில் கிறீஸ் போகாத ஒன்பது பேர்.

'கயிறுகளைப் பழகு' என்றால்
புது வேலையின் நெளிவு சுளிவு அறிவது என்று
கரும்பலகையில் எழுதினார் ஜெனிற்றா மிஸ்.
பின்வாங்கிலிருந்து ஜவாஹிர் சிரித்தான்.
பதினொரு வருடமாய்க் கோதுமைக் கப்பல் கட்டுகிறோம்.
அறுவதற்கு முன் கயிறு ஒரு முனகல் முனகும்,
அது எங்களுக்குத் தெரியும்.
மிஸ்ஸுக்குத் தெரிந்தது அதன் அர்த்தம்.

அடுத்தது, 'நூல் முறுக்குவது':
இல்லாததைக் கதையாய் அளப்பது.
ஒன்பது பேரும் ஒரே குரலில்,
"மிஸ், கயிறு திரிக்கிறது!"
எந்தக் கடலிலோ எவனோ ஒரு மாலுமி
எங்களைப் போலவே கயிறு முறுக்கிக்கொண்டு
புளுகியிருக்கிறான்.
அன்றைக்கு மட்டும் இங்கிலிஷ்
கலியாண வீட்டில் கண்டு கைகொடுக்கும்
தூரத்துச் சொந்தம் மாதிரி இருந்தது.

மாதிரி வினாத்தாள், பன்னிரண்டாம் கேள்வி.
'கரை கிளியர்.' சரியான விடையின் கீழ்க் கோடிடுக.

கிளியர் எனக்கு வகுப்பில் வந்த சொல் இல்லை.
ரேடியோவில் வந்தது. சாவடியில் வந்தது.
கிளியர் பண்ணின பகுதி, பண்ணாத பகுதி.
எங்கள் பக்கம் கிளியர் என்று செய்தி சொன்ன இரவு
நாங்கள் கிளிவெட்டியில்
ஒரு வகுப்பறையில் இருபத்துமூன்று பேர்,
உரச்சாக்கின் மேல் படுத்திருந்தோம்.
பிறகு போய்ப் பார்த்தேன்.
செய்தி பொய் சொல்லவில்லை.
வள்ளம் இல்லை, வலை இல்லை,
குரைக்க நாய்கூட இல்லை.
கரை கிளியர்.

(இ)யின் கீழ்க் கோடிட்டேன்:
ஆட்கள் அனைவரும் அகற்றப்பட்டுவிட்டனர்.

மிஸ் சிவப்பில் புள்ளடி போட்டார்.
ஏன் என்று கேட்டார். சொன்னேன்.
பேனாவை மூடித் திறந்து மூடி,
"சோதனையில (அ) எண்டு போடுங்கோ அண்ணா," என்றார்.
(அ): ஆபத்தில்லை, இனி வெளியே வரலாம்.
பாலையூற்றுக்காரி. அதற்குமேல் ஒன்றும் விளக்கவில்லை.

வெள்ளி விடிய மாவாலை ஜெட்டியில்
கப்பல் வெளிக்கிட்டது.
கடைசிக் கயிற்றைக் குற்றியிலிருந்து கழற்றி
தண்ணீரில் விட்டேன்.
மேலே பிலிப்பீன்காரன் ஆர்னெல் எட்டிப் பார்த்தான்.
கையை உயர்த்தி, "கிளியர்!" என்று கத்தினேன்.
அவனும் "கிளியர்!" என்றான்.
கயிறு சொட்டச் சொட்ட ஏறிப்போனது.

பக்கத்தில் நின்ற ஜவாஹிர் கேட்டான்:
"மச்சான், இது ஆனாவா, ஈனாவா?"