பெற்றோர் கையொப்பம்

புதுவயல் ரைஸ்மில் வாசலில்
தலையில் தவிடு தட்டிக்கொண்டு நிற்பேன்.
சைக்கிளைக் கீழே சாய்த்துவிட்டு வருவான் ஒருத்தன்.
"அண்ணே, நாளைக்கு ஒம்பதரைக்கு
சித்தப்பாவா வரணும்."

கூலி ஒரு டீ, ரெண்டு பஜ்ஜி.
என்னடா செஞ்ச என்று மட்டும் கேட்பேன்.

காதுக்கு மேலே மூன்று கோடு இழுத்து
முடிவெட்டி வந்தவன்.
காம்பஸ் முனையால் பெஞ்சில்
ஒரு பெண்பிள்ளை பெயரைப் பாதி செதுக்கியவன்
(மீதியைச் செதுக்குமுன் மணியடித்துவிட்டது).
சுவரேறிக் குதித்துக்
காரைக்குடிக்குப் படம் பார்க்கப் போய்
அதே தியேட்டரில் கணக்கு வாத்தியாரைப் பார்த்தவன்.

மணிக்கட்டில் ரெண்டு கலர் கயிறு கட்டி
கழற்றச் சொன்னால் கழற்றாதவனும் வந்தான்.
கழற்றிவிட்டு வா, அப்புறம் டீ என்றேன்.
அவன் வரவில்லை.
மறுநாள் அவனுடைய நிஜ அப்பாவே
பள்ளிக்கூடம் போனாராம்.
கையில் அதே கயிறு.

எடைமேடைக் கிளார்க்கிடம் வெள்ளைச் சட்டை இரவல்.
அக்குளில் கொஞ்சம் இறுக்கம்.
தலைமையாசிரியை ஜெசிந்தா
"பிள்ளையக் கவனிக்கிறீங்களா இல்லையா" என்பார்.
தலையைக் குனிவேன்.
மூட்டை தூக்கித் தூக்கி
குனிவது எனக்கு நன்றாக வரும்.

ஏன்டா, உங்கப்பன் எங்கே என்று கேட்டால்
ஒருத்தனுக்கு சிங்கப்பூர்.
ஒருத்தனுக்குத் தெரியாது.
யோகபாலனுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான்.
"வந்தா பெல்ட்டக் கழட்டுவாருண்ணே."
பள்ளிக்கூடத்தில் பிரம்பை நிறுத்திவிட்டார்கள்.
அந்தச் சுற்றறிக்கை
வீடுகளுக்கு வந்து சேரவில்லை.

அந்த அக்டோபர் திங்கட்கிழமை
டீச்சர் நீல அட்டைப் பதிவேட்டைத் திருப்பி வைத்தார்.
ஜூனில் சேவுகன், சித்தப்பா.
ஆகஸ்டில் சே. முத்து, தாய்மாமன்.
இன்றைக்கு அப்பா.
மூன்று இடத்திலும்
வால் நீண்ட ஒரே 'சே'.

"கையெழுத்து நல்லா இருக்கு" என்றார்.
யோகபாலன் மின்விசிறியைப் பார்த்தான்.
கரண்ட் இல்லை, அது சுற்றவில்லை,
ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

போலீஸ் என்று நினைத்தேன்.
ஒரு தாளை நீட்டினார்.
"மன்னிப்புக் கடிதம். உங்க பேர்ல."

நாற்பத்தொரு வயதில்
எட்டாம் வகுப்பு பெஞ்சில்
முழங்கால் இடிக்க இடிக்க எழுதினேன்.
இனிமேல் இதுபோல் செய்யமாட்டேன்.
மன்னிப்பில் ஒரு 'ப்' விட்டிருந்தேன்.
சிவப்பு மையில் சுழித்தார்.
ஒன்பதாம் வகுப்போடு நான் நின்றபோது
மீதம் இருந்த சிவப்பு மை போல.

தாளின் அடியில்
அச்சடித்த ஒரு கோடு: பெற்றோர் கையொப்பம்.
"எங்கப்பா செத்துட்டாருங்க டீச்சர்."
அவர் யோசிக்கவே இல்லை.
பேனாவை அவன் பக்கம் நகர்த்தினார்.
"நீ போடு."

போட்டான்.
நாக்கைக் கடித்துக்கொண்டு,
கோட்டுக்குக் கீழே இறங்காமல்.
வாசல் தாண்டும் வரை
ரெண்டு பேரும் சிரிப்பை அடக்கினோம்.
அன்றைக்கு டீக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை.
வெள்ளைச் சட்டையைத் துவைத்துத் திருப்பிவிட்டேன்.

பத்தாவதில் ரெண்டு பாடம் போனதும்
யோகபாலன் நின்றுவிட்டான்.
மாற்றுச் சான்றிதழில்
நடத்தை: நன்று.
அதை வாங்கப் போனபோது
பெற்றோரை அழைத்து வா என்று
யாரும் சொல்லவில்லையாம்.

இப்போது பக்கத்தில் நிற்கிறான்,
கையில் கொக்கி.
எழுபத்தைந்து கிலோ.
முதுகை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று
அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
லாரி ரிவர்ஸ் எடுக்கிறது.
சனிக்கிழமை கூலி நோட்டில்
என் பெயருக்குக் கீழே
கோடு தாண்டாமல் போடுகிறான்
அதே கையொப்பம்.