வெள்ளம் கத்தும் பெட்டி

களியக்காவிளைச் சந்தைக்கு எதிர்மாடியில்
எனக்கு ஜெராக்ஸ் கடை, ததேயுசுக்கு மொபைல் ரிப்பேர்,
நடுவில் ஒரு பிளைவுட் சுவர்.
ஆள் வராத மதியங்களில்
அந்தச் சுவர் வழியாகப் பேசிப்பேசியே
நாங்கள் இப்படி ஆனோம்.

ஏப்ரல் ஒன்றுக்கு மஞ்சள் தாளில் நோட்டீசு அடித்தோம்.
புதிய வரவு!
மொய்க் கவரைத் தொட்டதும்
உள்ளே எவ்வளவென்று சொல்லும் மோதிரம்.
செக்போஸ்ட் தாண்டி இஞ்சிவிளை வந்ததும்
கரை தானாகக் கசவாகும் வேட்டி.
தாளில் இடம் மிச்சமிருந்ததால் கடைசியாக ஒன்று:
வெள்ளம் வந்தால் வெள்ளம் என்று கத்தும் பெட்டி.
விலை பேசிக்கொள்ளலாம்.

மோதிரம் கேட்டுப் பதினொரு பேர் வந்தார்கள்.
பத்துப் பேர் சிரித்துவிட்டுப் போனார்கள்.
ஒருவர் சிரிக்கவில்லை,
ஆவணியில் மகளுக்குக் கல்யாணமாம்.

பெட்டி கேட்டு வந்தவள் ரெஜினாபாய் மட்டும்.
முந்திரி ஆபீசிலிருந்து நேராக,
விரல் நுனியெல்லாம் கறுத்திருக்க.
"எங்க தெரு பைப்புல ரெண்டு மணிக்கும் வரும்,
மூணு மணிக்கும் வரும், வராமலும் கெடக்கும்.
கண்ணசந்தா போச்சு. ஒண்ணு தாங்க."
"எக்கா, அது ஏப்ரல் பூல்."
"என்னவோ இருக்கட்டு. எவ்வளவு?"

ததேயுஸ் என்னைப் பார்த்தான்.
பாட்டுப் பாடும் பிறந்தநாள் அட்டை ஒன்றைக் கிழித்தான்.
இரண்டு செம்புக் கம்பி, ஒரு பேட்டரி,
சோப்பு டப்பா, சளி பிடித்த அவன் குரல்.
கம்பி நனைந்தது.
"வெள்ளம்! வெள்ளம்!" என்றது டப்பா.
நூற்றெண்பது சொன்னோம்,
அறுபது தந்துவிட்டு எடுத்துப் போனாள்.

முதல் ராத்திரி இரண்டே முக்காலுக்குக் கத்தியிருக்கிறது.
பக்கத்து வாடகை வீட்டில்
முசிறியிலிருந்து மாற்றலாகி வந்த
பேங்க் காசாளர் கலியமூர்த்தி.
தோளில் பிள்ளை, பல்லில் ரேஷன் கார்டு,
மொட்டைமாடி ஏறி நின்று
ஆறு எந்தப் பக்கம் வருகிறது என்று தேடினார்.
கீழே குடங்களோடு நின்ற பெண்கள்
அண்ணாந்து கேட்டார்கள்:
"சாரு வெள்ளம் எடுக்கல்லியா?"

அந்த வாரமே முப்பத்திரண்டு ஆர்டர்.
கலியமூர்த்தியும் ஒன்று வாங்கினார்.
நாங்கள் கேலிக்கு எழுதியதற்கு
கேரண்டி கார்டு அடிக்க வேண்டியதாயிற்று.

ஐப்பசியில் மழை விடவேயில்லை.
ஒரு ராத்திரி கால்வாய்க் கரை உடைந்தது.
அழுத்தம் போதாதென்று எல்லாரும்
தரைக்குக் கீழே குழி தோண்டி
பைப்பை இறக்கி வைத்திருந்த தெரு அது.
குழிக்குள்தான் கம்பிகள் தொங்கின.
குழிதான் முதலில் நிறைந்தது.

முப்பத்துமூன்று பெட்டிகளும்
ததேயுசின் சளிக்குரலில் ஒன்றாகக் கத்த,
தெரு பாதித் தூக்கத்தில் குடத்தோடு இறங்கியது.
கணுக்காலில் ஏறியது குளிர்.
குடத்தை வைக்க இடமில்லை.
அப்புறம்தான் யாரோ அலறினார்கள்,
பிள்ளைகளைத் தூக்கினார்கள்,
ஆடுகளை அவிழ்த்தார்கள்.

கலியமூர்த்தி மட்டும் எழும்பவில்லை.
ஆறு மாதத்தில் இந்த ஊர்ப் பேச்சு
அவருக்கு நன்றாகப் பழகியிருந்தது:
வெள்ளமென்றால் தண்ணீர்,
தண்ணீரென்றால் மனைவி பார்த்துக்கொள்வாள்,
மனைவி தலைப்பிரசவத்துக்கு வந்த தங்கையோடு முசிறியில்.
போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

ரெஜினாபாய் முழங்கால் தண்ணீரில் போய்
பித்தளைக் குடத்தால் கதவை இடித்தாள்.
"சாரே, எழும்பும்! இது எங்க வெள்ளம் இல்ல,
ஒங்க வெள்ளம்!"

குடத்தில் விழுந்த நசுங்கல்
அப்படியே இருக்கிறது.
புதுக்குடத்துக்கு நாங்கள்தான் காசு தர வேண்டும் என்கிறாள்.
கேரண்டி கார்டில் அப்படி ஒன்றும் இல்லை.

மறுபடி மார்ச் முடியப் போகிறது.
மஞ்சள் தாள் வாங்கி வைத்திருக்கிறேன்,
எதை எழுதவும் கொஞ்சம் பயம்.
ஆவணியில் மகளைக் கட்டிக்கொடுத்தவர்
இப்போது இளையவளுக்குப் பார்க்கிறார்,
வாரம் ஒருமுறை மாடியேறி
மோதிரம் வந்தாச்சா என்கிறார்.
இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
சுவருக்கு அந்தப்புறம்
ததேயுஸ் ஒரு நகைத் தராசைப்
பிரித்துப் போட்டிருக்கிறான்.