எண்பது ஓட்டைகள்

மாவு மில்லுக்குப் பின்னால், புல் முளைத்த தண்டவாளத்தில்,
எஞ்சின் இல்லாத மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குள்
ஒரு செவ்வாய்க்கிழமை மதியம்
எங்கள் அரசு பிறந்தது.
ஏழு அமைச்சர்கள். ஆறு நாற்காலிகள்.
சாலைத்துறைக்கு வந்த ஹரலாம்பி
கதவில் சாய்ந்தபடியே பொறுப்பேற்றார்.

ஆள வேண்டிய நாடு
ஜன்னலுக்கு வெளியே, தினேஸ்தர் ஆற்றுக்கு அப்பால் கிடந்தது.
அங்கே சேவல் கூவினால் இங்கே கேட்கும்.
துணி துவைக்கிற பெண்ணின் கை முதலில் இறங்கும்,
அடி விழுந்த சத்தம் பிறகு வரும்.
நடுவில் பாலத்தின் இரண்டு தூண்கள்.
மீதியைத் தகர்த்தது எந்தப் படை என்பதில்
அமைச்சரவைக்குள்ளேயே இரண்டு கட்சி.

நான் தட்டச்சுக்காரி, ஸம்ஃபிரா.
ஒடெஸ்ஸாவில் தானியத் தரகரிடம் கணக்கு அடித்தவள்.
அவர் கப்பலேறி ஓடிய அன்று
பாக்கிச் சம்பளத்துக்கு மெஷினைத் தூக்கிக்கொண்டேன்.
அதில் ஓர் எழுத்து உடைந்திருந்தது.
கோதுமைக்கும் பார்லிக்கும் அது பெரிதாகத் தேவைப்படவில்லை.
நாட்டின் பெயரிலோ இரண்டு முறை வருகிறது.

"இடம் விட்டு அடி, பேனாவால் நிரப்பிக்கொள்ளலாம்"
என்றார் தலைவர் தெரென்டி.
பிரகடனம் நாற்பது பிரதி.
எண்பது ஓட்டைகளையும் நானேதான் நிரப்பினேன்,
கடைசிப் பத்தில் கை நடுங்கி
எழுத்து வேறு யாரோ எழுதியதுபோல் ஆகிவிட்டது.

'இடைக்கால' என்ற சொல் வேண்டாம் என்றார் நிதியமைச்சர் இஹில்.
கடன் கேட்கப் போகிற இடத்தில் காலை வாரிவிடுமாம்.
முந்தின நாள்தான் விளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்க
என்னிடம் மூன்று ரூபிள் கடன் வாங்கியிருந்தார்.
வாக்கெடுப்பு: நான்குக்கு மூன்று.
சொல் தங்கியது.

குஸ்மா இரவில் ஆற்றைக் கடந்தான்.
பிரதிகளை பூட்ஸுக்குள் சுருட்டி வைத்திருந்தான்.
ரோந்துக்காரர்களின் விளக்கு திரும்பியபோது
கழுத்து முட்டத் தண்ணீரில் நின்றானாம்.
நாடாவின் மை எண்ணெய் மை, அதற்கு ஒன்றும் ஆகவில்லை.
பேனா மைதான் கரைந்தது.
நிலம் உழுபவனுக்கே,
ஜாமீன்தார்களின் பத்திரங்கள் செல்லாது,
எல்லாம் வரி பிசகாமல் கரை சேர்ந்தன.
எந்த நாடு என்ற இடத்தில் மட்டும் இரண்டு நீலக் கறை.

"படித்தார்களா?"
"பாதிரியாரின் மகன் வாசித்துக் காட்டினான்."
"என்ன சொன்னார்கள்?"
குஸ்மா பூட்ஸைக் கவிழ்த்தான்.
"உப்பு வருமா என்று கேட்டார்கள்."

இரண்டு இரவு உப்பைப் பற்றிப் பேசினோம்.
ஒன்பதாம் ஆணை உப்பு.
நான் அடித்தவற்றில் நல்ல ஆணை அதுதான்.
அதை அக்கரைக்குக் கொண்டுபோக
குஸ்மா திரும்ப வரவில்லை.

ஆகஸ்டில் எஞ்சின் வந்தது.
எங்களுக்காக வந்ததல்ல.
வேறொரு போர்முனைக்கு ஆள் சேர்த்துப் போகிற வழியில்
எங்கள் பெட்டியையும் கோத்துக்கொண்டது.
நாற்காலிகள் ஆடின.
தெரென்டி கோப்புகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.
சாலைத்துறை அமைச்சர் கதவுக் கம்பியைப் பிடித்து நின்றார்:
பதவியேற்றபின் அவர் போன முதல் பயணம்,
நாட்டுக்கு நேர் எதிர்த்திசையில், கிழக்கே.

நான் மெஷினோடு இறங்கிக்கொண்டேன்.

மாவு மில்லில் மறுபடி கணக்கு.
அந்த எழுத்து வரும் இடத்தை விரல் தானாகவே தாண்டுகிறது.
மேலாளர் முறைப்பார், பேனாவை எடுப்பேன்.
இஹில் இன்னும் மூன்று ரூபிள் தர வேண்டும்.
எந்த அரசின் ரூபிள் என்று
அன்றைக்கு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.