இரண்டாம் வரிசை விளக்குகள்

யோகவதி,
இரவு ஷிப்டில் கண் சொக்காமலிருக்க
ஏதாவது படிக்கக் கொடு என்று கேட்டாயே,
நீ மறந்திருப்பாய்.
ஆய்வக மேசையின் கீழ் இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.
டவுனில் ஆ லெங் கடையில் அச்செடுத்தது,
நூற்று எண்பது பக்கம்.
பரீட்சைக்கா என்று கேட்டார்.
ஆமாம் என்றேன்.

பள்ளிக்கூடத்தில் அட்டை கிழியக் கிழியப் படித்தோமே,
அந்த மந்திரக் கோபுரத் தொடர்,
அதே கோபுரம், அதே மந்திரவாதிகள்.
யாரோ ஒரு ரசிகர் மறுபடி எழுதியிருக்கிறார்,
காசு வாங்காமல், பெயர் போடாமல்.

முதல் மூன்று அத்தியாயத்தைத் தள்ளிவிடு.
வர்ணனை அதிகம், நிலா நான்கு தடவை உதிக்கிறது.
அடுத்ததில் சமையற்காரன் மகள் நிமிலை வருகிறாள்.
மூலக் கதையில் அவளுக்கு ஒரே வரி:
சோறு ஆறுகிறது, ஐயா.
இதில் அவள் கேட்கிறாள்:
மந்திரத்தைத் தப்பாகச் சொன்னால்
விளக்கு எரியாதா?
யாராவது சொல்லிப் பார்த்தீர்களா?

அந்த இடத்தில்
தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டேன்.

நாற்பது விளக்கு, இரண்டு வரிசை.
முதல் வரிசைக்கு முழு மந்திரம்.
இரண்டாவதற்கு, அதே ராகத்தில்,
மீன் குழம்புக்கு வேண்டிய சாமான் பட்டியல்.
எண்ணுகிறவன் காதில் பஞ்சு.
எது எந்த வரிசை என்று அவனுக்குத் தெரியக்கூடாதாம்.
விடியும்போது கணக்கு:
பத்தொன்பது. பதினெட்டு.

மந்திரம் பொய் என்று அவள் சொல்வதே இல்லை.
விளக்குதான் எரிகிறதே.
எதனால் என்று தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.
எட்டு அத்தியாயம் தப்புத் தப்பாக ஊகிக்கிறாள்.
ஒவ்வொரு தப்பையும் அடுப்படிச் சுவரில் கரியால் எழுதி
குறுக்கே ஒரு கோடு போடுகிறாள்,
அழிப்பதில்லை.

நாம் பாய்லர் நின்றால்
முனியாண்டிக்குச் சுருட்டு வைக்கிறோம்,
வால்வையும் மாற்றுகிறோம்.
ஓடியதும் பேர் சுருட்டுக்கு.

சரி, இதைச் சொல்லத்தான் இத்தனையும்.
இருபத்தாறாம் அத்தியாயத்தில்
ஒரு கிண்ண எண்ணெயில் எவ்வளவு சாபம் இருக்கிறது
என்று அளக்கிறாள் நிமிலை.
சொட்டுச் சொட்டாகக் காரநீர்.
வெளிர்சிவப்பு முப்பது நொடி நின்றால்தான் கணக்கு.
அவளுடைய கண்ணாடிக் குழாயின் உடைந்த வாயில்
பச்சை நூல் சுற்றியிருக்கிறது.

யோகா,
கோலக்கெட்டிலிலிருந்து பாலிங் வரை
எத்தனை செம்பனை ஆலை இருந்தாலும்
பச்சை நூல் சுற்றிய குழாய்
எனக்குத் தெரிந்து ஒன்றுதான்.
உன் தீபாவளி ரவிக்கையில் மிஞ்சிய நூல்.

ஒரு குழாய் போதாது என்பாள் நிமிலை.
அதனால் பதிவேட்டைப் புரட்டினேன்.
கடைசிப் பதினோரு அத்தியாயம் வந்த நாள்களில்
பத்து நாள் உனக்கு ஓய்வு.
பதினோராவது நாள், அதிகாலை மூன்று மணிக்கு,
எண்ணெய்ப் புளிப்பை எழுதுகிற கட்டம்
காலியாகக் கிடக்கிறது.

ஊகம்தான்.
கரியால் எழுதி வைத்திருக்கிறேன்,
குறுக்குக் கோடு இன்னும் போடவில்லை.

நீ படித்துப் பார்.
முப்பத்தொன்றோடு நிற்கிறது, நான்கு மாதமாக:
யாரும் எதுவும் சொல்லாமலே
இரண்டாம் வரிசை எரியத் தொடங்கும் இடம்.
வெளியே லோரிகள் எடைப்பாலத்தில் ஏறி இறங்க
நான் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.

எழுதியவரை எங்காவது பார்த்தால் சொல்,
சனிக்கிழமை இரவு ஷிப்டை
நான் பார்த்துக்கொள்கிறேன்.