கடுகு கசந்த வெள்ளி

சோஹார் துறைமுகத்தில்
நாற்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து
கன்டெய்னர் தூக்குகிறவன் நான்.
ஆறு நாளும் இந்தக் கை
ஒரு நெம்புகோலை
அரை அங்குலத்துக்கு மேல் அசைப்பதில்லை.
வெள்ளிக்கிழமை அதற்கு
வெங்காயம் வேண்டும்.

"ஊர் ஞாபகமா?" என்கிறார் அந்தோணிசாமி,
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு
அடுக்களை வாசலை அடைத்து நின்று.
ஊரில் எனக்கு
அடுப்புத் திருகு எந்தப் பக்கம் என்றே தெரியாது அண்ணே.
இன்றைக்கு நான் செய்யப்போகிற மீனை
எங்கள் தெருவில் ஒருத்தரும் தின்றதில்லை.
தின்றால் துப்புவார்கள்.

கடுகு அரைத்த மீன்.

வெல்டர் நிர்மல் ஹால்தார்
சாப்பாட்டுக் கூடத்தில் டப்பா திறந்த மத்தியானம்
மூக்கு வழியாக ஏறி
உச்சந்தலையில் போய் உட்கார்ந்த மஞ்சள்.
நமக்குக் கடுகு என்றால் வெடிக்க வேண்டும்,
படபடவென்று நாலு சத்தம்,
அப்புறம் கல்யாண வீட்டு மேளக்காரர் மாதிரி
ஓரமாய்ப் போய்விடும்.
அவர்கள் அதையே மாப்பிள்ளையாக்கி
மணையில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

போன வெள்ளி முதல் முயற்சி.
பங்களாதேஷ்காரர் கடையில் கடுகெண்ணெய்,
'உடம்பில் தேய்க்க மட்டும்' என்று எழுதிய பாட்டில்.
கடைக்காரர் கண்ணடித்தார்.
மிக்ஸியில் கடுகைப் போட்டு
நம் வீட்டுத் தேங்காய்ச் சட்னி போல
நைய நைய நைய அரைத்தேன்.
மீன் வெந்தது. நிறம் வந்தது.
வாயில் வைத்தால்
வேப்பங்கொழுந்து.

ஹர்பன்ஸ் தட்டைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
தன் ராஜ்மாவுக்குத் திரும்பிப் போனான்.
முழுச் சட்டியையும் நானே தின்றேன்,
ரோஷத்தில்,
தண்ணீர் குடித்துக் குடித்து.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்.
மேலே கேபினில் கை பிசகினால் சைரன் அடிக்கும்,
மூன்று பேர் கையெழுத்துக் கேட்பார்கள்,
கீழே நிற்பவனுக்கு ஒரு தலைதான் இருக்கிறது.
இங்கே பிசகினால்
ஒரு நாக்கு கசக்கும். அதுவும் என் நாக்கு.
இந்தச் சுகத்தை
யாரிடம் சொல்லிப் புரியவைப்பது?

நிர்மலுக்குப் போன் போட்டேன்.
இரவு ஷிப்ட் முடிந்து தூங்குகிறவன்.
உப்புப் போட்டு அரைத்தாயா?
பச்சை மிளகாய் சேர்த்தாயா?
எவ்வளவு நேரம் ஓட்டினாய்?
மூன்று நிமிடம் என்றேன்.
அந்தப் பக்கம் பேச்சே இல்லை.
சாவுச் செய்தி கேட்டவன் மாதிரி
மெதுவாகப் போனை வைத்தான்.

இன்று விடிகாலையே மீன் சந்தை.
நான் வஞ்சிரம் என்றேன்,
சயீத் கன்அத் என்றார்,
கத்தி இரண்டு பெயருக்கும் ஒரே மாதிரி இறங்கியது.
அதிகமாய் அரை ரியால் கேட்டார்.
தலையையும் போட்டால் தருகிறேன் என்றேன்.
போட்டார்.

கடுகு, உப்பு, மிளகாய், குளிர்ந்த தண்ணீர்.
ஒரு சுற்று. நிறுத்து.
ஒரு சுற்று. நிறுத்து.
பெட்டியை லாரிமேல் இறக்கும்போது
கடைசி ஒரு சாணுக்கு மூச்சைப் பிடிப்பேனே,
அதே மூச்சு.
விரலால் தொட்டு நக்கினேன்.
காரம். எரிச்சல்.
கசப்பு இல்லை!
எக்ஸாஸ்ட் விசிறியைப் பார்த்துச் சிரித்தேன்,
வேறு யாரும் பக்கத்தில் இல்லாததால்.

மாலையில் நிர்மல் வந்தான்.
சட்டி மூடியைத் திறந்தவன்
புருவத்தைத் தூக்கினான்.
"இதில் என்ன இலை?"

கறிவேப்பிலை.
நான் போடவில்லை, கை போட்டிருக்கிறது.
சமைக்கவே தெரியாத கைக்கு
இதை மட்டும் யார் சொல்லி வைத்ததோ.

ஒரு துண்டைச் சோற்றோடு பிசைந்து
முள்ளை நாக்கிலேயே பிரித்து
நிதானமாய் மென்றான்.
அறை முழுக்க அவன் தாடையைப் பார்த்தது,
அந்தோணிசாமி உள்பட.

"இது எங்கள் மீன் இல்லை" என்றான்.

கை கழுவப் போனவன்
ஷிப்டுக்குக் கொண்டுபோகும் தன் டப்பாவையும்
கழுவி எடுத்துக்கொண்டு வந்து
சட்டிக்குப் பக்கத்தில் வைத்தான்.