இடது காது

தொலைந்த மூன்றாம் நாள்
குன்றேறிப் போய், சிக்னல் இரண்டு கோடு வந்ததும்
ஃபேஸ்புக்கில் போட்டார் இவர்:
"செவலை. ஆறு வயது. இடது காது நுனி கிழிந்தது.
பின்தொடையில் பிறைச் சூடு.
கண்டவர்கள் அழைக்கவும். சன்மானம் ஒரு கிடா."
வேறு படம் இல்லை.
நோமுன் கல்யாணத்தில் எடுத்ததைப் போட்டார்.
முன்னால் நான், பட்டுச் சட்டையில்.
எனக்குப் பின்னால் பாதிக் குதிரை.

ஐந்தாம் நாள் அதுவாகவே வந்தது
கிணற்றுத் தொட்டிக்கு,
வயிறு ஒட்டி, வெட்கமே இல்லாமல்.
கிடா மிச்சம்.
பதிவை எடுக்க மறந்துபோனோம்.

அது கோபியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.
நாலாயிரம் பகிர்வு.
சியோலில் இரவு வேலை முடித்த நோமுன் ஓர் அழுமுகம் போட்டாள்.
யாரோ ஆட்டு உரோமம் என்ன விலை என்றார்.
"குதிரை இருக்கட்டும், அந்த அம்மா யார்?" என்ற ஒருவரோடு
இவருக்கு இரண்டு நாள் சண்டை.
(எனக்கு அவர் எழுதியது பிடித்திருந்தது.)

பிறகு அழைப்புகள்.
"தம்பதர்ஜா அண்ணனா? உங்கள் குதிரையைப் பார்த்தேன்."
கிழக்கே, எல்லைப் பக்கத்திலிருந்து ஒரு லாரிக்காரர்.
"காது?"
"முழுசாகத்தான் இருந்தது."
"அப்போது வேறு."
"வேறுதான் போல."
அதோடு வைத்திருக்கலாம். வைக்கவில்லை.
மழை உண்டா, புல் எப்படி, மந்தை சதை போட்டதா என்று
என் தேநீரில் ஆடை படியும்வரை.
குதிரை வாசலில் நின்று
கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் குளிர்காலம் பொல்லாதது.
மழை பெய்து, பெய்தது அப்படியே இறுகி,
புல் கண்ணாடிக்குள் போய்விட்டது.
நூற்று நாற்பது ஆடுகள்
நின்ற நிலையில் விறைத்தன.
அதை இவர் எங்கும் போடவில்லை.
எல்லார் வாசலிலும் அதுதான்,
யார் யாருக்குப் பகிர்வது?
செவலை கடைசியாகப் போனது, பிப்ரவரியில்,
பட்டியின் காற்றுப்படாத ஓரம் பார்த்துப் படுத்து.
தரை வெட்டுப்படவில்லை.

இரண்டு நாள் கழித்து, இரவில், ஒரு பெண் குரல்.
எந்த ஊர் என்று சொல்லவில்லை.
"நான் குதிரையைப் பார்க்கவில்லை, அண்ணா.
இங்கே எங்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.
தூக்கம் வராமல் பழசைத் தள்ளிக்கொண்டே வந்தேன்.
உங்களுடையது கிடைத்ததா என்று
கேட்கத்தான்."

இவர் அடுப்பைப் பார்த்தார்.
சாணி வறட்டி ஒன்று சரிந்து விழுந்தது.
"இன்னும் இல்லை, அம்மா," என்றார்,
"தேடிக்கொண்டுதான் இருக்கிறோம்."

"கண்ணில் பட்டால் சொல்கிறேன்."

நான் எட்டிப் போனைப் பிடுங்கினேன்.
"இடது காது," என்றேன்,
"நுனியில் கிழிசல். மறந்துவிடாதே."