துருவுக்குத் தெரிந்த இடம்

பாவுச்சா தக்காவில்
விசைப்படகு விசிறியில் சிக்கிய
நைலான் கயிற்றை அறுக்கக் குதிப்பவன் நான்.
முங்கலுக்கு நானூறு ரூபாய்.

முதல் கத்தி கரி எஃகு.
தாடி மழிக்கலாம், அவ்வளவு கூர்.
மூன்றே நாளில்
டவுசர் பையெல்லாம் துருக்கறை.
சர்ஃப் போட்டும் போகவில்லை.

அடுத்து, சோர் பஜாரில் பேரம் பேசி வாங்கிய டைட்டானியம்.
கடலுக்கு அது அசையவில்லை,
அதற்குக் கயிறு அசையவில்லை.

பிறகுதான் இது.
கப்பல் சமையல்காரன் லூர்துசேவியர்
கடனுக்கு ஈடாகத் தந்துபோனது.
கரிக்குப் பதில் நைட்ரஜனாம்.
"உப்பில் போடு, ஊறுகாய் ஆகாது."

போட்டேன்.
மீன்பிடித் தடை இரண்டு மாதமும்
பக்கெட் கடல்நீரில், விரித்தபடி.
அலகில் ஒரு புள்ளி இல்லை.
பீடி பற்றவைக்கையில் என் மூக்கு அதில் தெரிந்தது.
மடக்கிப் பைக்குள் போட்டேன்.

போன வியாழன்
காஷிநாத் படகின் அடியில்
டீசலும் சாக்கடையும் கலந்த இருட்டு.
கணுக்காலில் கயிறு.
கத்தியை எடுக்கிறேன்.
திறக்கவில்லை.

உள்ளே அலகு
மாப்பிள்ளை மாதிரிப் படுத்திருக்கிறது.
மடங்கும் மூட்டில்
எட்டணா பெறாத திருகாணி
துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது.
அதை யார் பார்த்தது?

பல்லால் கவ்வி இழுத்தேன்.
கத்தி திறந்தது, பல் உடைந்தது,
கடலில் கால்வாசி வயிற்றுக்குள் போனது.

மேலே வந்ததும் காஷிநாத் கேட்டது
விசிறியைப் பற்றி.

இப்போது அதை மடக்குவதில்லை.
பழைய சைக்கிள் ட்யூப்தான் உறை.
இருந்தாலும்
யாராவது கேட்டால்
மடக்குக்கத்தி என்றுதான் சொல்கிறேன்.